பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குக் காத்திருந்த சந்து

மதுரையில் சுண்ணாம்புக்காரச் சந்து என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் எந்த வீட்டில் வேண்டுமானாலும் தண்ணீர் கேளுங்கள், சொம்பு நிறையக் கொடுப்பார்கள். ஆனால் சந்துமுனை இட்லிக்கடைப் பேச்சியிடம் மட்டும், "ஏம்மா, உன் கடை என்னைக்குத் திறக்கணும் என்னைக்கு மூடணும்னு ஒரு பல்கேரிய நாவல்தான் தீர்மானம் பண்ணுச்சாமே" என்று கேட்டுவிடாதீர்கள். கரண்டியோடு எழுந்து வருவாள். கேட்டது பொய் என்பதால் அல்ல, அத்தனையும் நிஜம் என்பதால்.

அந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தவள் சௌந்தரவல்லி. திராட்சைக் கொடிக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிப்பதற்காக இளவயதில் சர்க்கார் உதவித்தொகையில் சோபியா நகரத்துக்குப் போனவள்; போன இடத்தில் படிப்பு முடியும் முன்பே அந்த நாட்டு சர்க்காரே முடிந்துபோக, பட்டம் இல்லாமல், ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு புத்தகமும் வாய் நிறையப் பல்கேரிய மொழியுமாகத் திரும்பி வந்தாள். மதுரையில் அந்த மொழியை யாரிடம் பேசுவது? பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கினாள். "பல்கேரியன் தெரியும்ங்கிறது சந்தோசம்மா, தமிழ் டைப்பிங் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரிந்தது. அதனால் முப்பது வருஷம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்ஸுக்குப் பிழை திருத்தினாள். கல்யாணத்துக்கு வந்த வரன்களெல்லாம் பொண்ணு வெளிநாட்டில் இருந்தவள் என்று கேட்டு வந்து, எந்த வெளிநாடு என்று கேட்டுப் போனார்கள். வாயில் இருந்த மொழி, மழைக்கு எடுத்து வெயிலுக்கு மாட்டிவைத்த குடைபோல ஆணியிலேயே தொங்கியது. சந்து மட்டும் அதை மறக்காமல் அவளைப் பல்கேரியாக்கா என்று கூப்பிட்டது.

புத்தகத்தைக் கொடுத்தவள் ரட்கா, சோபியாவில் அவள் குடியிருந்த வீட்டுக்காரி. முதல் குளிர்காலத்தில் ஊர் நினைப்பில் அழுதவளைத் திட்டித் திட்டியே தயிர் ஊட்டியவள், அந்தத் திட்டிலேயே மொழியையும் கற்றுக்கொடுத்தவள். கிளம்புகிற அன்று துண்டில் சுற்றி அந்த நாவலைக் கையில் வைத்துச் சொன்னாள்: "இதுல பத்தொன்பதாம் அத்தியாயத்துல எங்கம்மா கிடக்குறா. நெவேனான்னு பேரு. ஊருக்கே பிள்ளைப்பேறு பார்த்தவ. சண்டை நாளில் ஊரையே கொட்டகைக்குள்ள அடைச்சுச் சுட்டுட்டுப் போயிட்டாங்க. பனி மூடுச்சு, அப்புறம் காடு மூடுச்சு, யாரும் எடுத்து அடக்கம் பண்ணலை. எழுதினவர் அந்த ஊர்ப் பிள்ளை, பேர் மாத்தாம எழுதி வச்சிருக்கார். உங்க ஊர்ல செத்தவங்களைக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, பாட்டுப் பாடி அனுப்புவீங்கன்னு சொன்னியே. அங்க கூட்டிட்டுப் போயேன்."

சௌந்தரவல்லி தலையாட்டினாள். பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் பெட்டியிலேயே இருந்தது.

கடைசியில் பதிப்பாளர் ஆவுடையப்பன்தான் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன், சிரித்த முகம், எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். "எல்லாரும் இங்கிலீஷ்ல இருந்து பண்றான் மேடம். நாம அட்டையிலேயே போடுவோம், 'மூலத்திலிருந்து நேரடியாக'ன்னு. மார்கழி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துருவோம்" என்றார். புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தனக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டார். ஆனி மாதம் அவள் உட்கார்ந்தாள்.

இரண்டாம் அத்தியாயத்தில் தேனீ வளர்க்கும் டிமோ கிழவர் ஜுரத்தில் செத்துப்போகிறார். காலைக் காப்பி ஆறுவதற்குள் அந்தச் சாவை எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், வீட்டு முன்கூடமான பட்டாசாலையில், தையல் மிஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், தெற்கே தலை வைத்து, கம்பளிக் கோட்டும் தேன்மெழுகு வாசனையுமாகக் கிழவர் படுத்திருந்தார், கண்ணை மூடி, மீசையில் இன்னும் உருகாத பனியோடு. அவள் கத்தவில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். அப்புறம் வாசலுக்குப் போய், வழக்கம்போல இரண்டாம் ஈட்டு இட்லியோடு வந்துகொண்டிருந்த பேச்சியைக் கூப்பிட்டாள்.

பேச்சி எட்டிப் பார்த்தாள். இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு அந்தச் சந்தில் சாவு வீட்டு வாசலில் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எப்பக்கா எடுக்குறீக?"

அவ்வளவுதான். யார், எங்கிருந்து, எப்படி என்பதெல்லாம் அப்புறம். பிணம் கிடக்கிற சந்தில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, மூலைப் பிள்ளையாருக்கு விளக்கு இல்லை, திரைபோட்டு மூட வேண்டும். எடுத்த பிறகு தெருவைக் கழுவிவிட்டுத்தான் உலை. அந்தச் சட்டம் வெள்ளைக்காரப் பிணத்துக்கும் சேர்த்துத்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். "காணாமப் போன கேஸா?" என்றார். "இல்ல சார், ரெண்டாவது அத்தியாயம்" என்றாள் சௌந்தரவல்லி. அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு டீ கூடக் கிடைக்காத சந்தாயிருக்கே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார். கழுத்தில் சிலுவை கிடந்ததால் புதைப்பது என்று முடிவாயிற்று. வைகைக்கரைச் சுடுகாட்டில் வேப்பமரத்தை ஒட்டி ஒரு மூலை கிடைத்தது.

ஒப்பாரிக்கு ஒச்சம்மா வந்தாள். பக்கத்துச் சந்து, பக்கத்து வார்டு, ஆற்றுக்கு அக்கரை என்று எங்கே சாவு விழுந்தாலும் அவள் குரல் போகாமல் பிணம் நகராது. வந்து தலைமாட்டில் உட்கார்ந்தவள் பாடவில்லை. சௌந்தரவல்லியைப் பார்த்தாள்.

"ஏத்தா, வெறும் ஆளுக்கு எப்படிப் பாடுறது? என்ன தொழிலு? பொண்டாட்டி இருக்காளா? பிள்ளைக எத்தனை?"

"தேனீ வளர்ப்பார் அக்கா. பொண்டாட்டி முன்னாடியே போயிட்டாங்க. ஒரு மகன், சண்டைக்குப் போனவன் திரும்பல."

"தங்கச்சி?"

"அது... புத்தகத்துல இல்லக்கா."

"இல்லையா? கூடப்பிறந்தவ இருக்காளா இல்லையான்னு கூட எழுதாம என்னத்தப் புத்தகம் எழுதுனான் அவன்?" என்று ஒச்சம்மா அந்த எழுத்தாளரைத் திட்டினாள், திட்டி முடித்துக் குரலெடுத்தாள்.

"தேனீ வளத்த ராசா — நீங்க
தெக்க தல வச்சதென்ன
பனி பேஞ்ச ஊர விட்டு — இந்தப்
பாழும் வெயில் வந்ததென்ன
போன மகன் வந்து கேட்டா — நாங்க
பொய்யா என்ன சொல்லுவது..."

சந்துப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சௌந்தரவல்லியும் அழுதாள், ஆனால் அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, வந்ததற்கு வெட்கமும் வந்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் மொழி யாருக்கோ வேண்டியிருந்தது. டிமோ கிழவர் எப்படிப் புகைபோட்டுத் தேனீயை மயக்குவார் என்பதைக் கேட்கப் பத்துப் பெண்கள் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் பதிப்பகத்தின் பேர் போட்ட மாலையோடு வந்து, கும்பிட்டு, படம் எடுத்து நெட்டில் போட்டார். நாவலுக்கு அதனால் ஒரு பிரதிகூட முன்பதிவு ஆகவில்லை என்று அடுத்த வாரம் வருத்தப்பட்டார்.

அதன் பிறகு சந்து பழகிக்கொண்டது. ஐந்தாம் அத்தியாயத்தில் வாத்தியார் வந்தார், நெஞ்சில் குண்டோடு. அவருக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு குதிரை வந்தது, வாசல் நிலையை விட அகலமாக. வெளியே எடுக்க முடியாமல் சுவரை இடித்து, குதிரைக்குக் கோடித்துணி உண்டா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைபோட்டு, கடைசியில் ஒரு வேட்டியைக் கிழித்து முகத்துக்கு மட்டும் போட்டார்கள். பேச்சி தினமும் மத்தியானம் அரிசி ஊறப்போடுவதற்கு முன்னால் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"பல்கேரியாக்கா, நாளைக்கு யாரையாச்சும் சாகடிக்கப் போறியா?"

"நாளைக்கு இல்ல பேச்சி. நாளைக்கு ரெண்டு பேரும் ஆத்தங்கரையில பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நீ ஊறப்போடு."

"அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்குமா?"

"சொல்ல மாட்டேன். அதுக்குத்தான புத்தகம்."

"நாங்க எங்க புத்தகம் படிக்க? செத்தா வந்து பாப்போம்" என்பாள் பேச்சி.

மார்கழி பிறந்தபோது பதினெட்டு அத்தியாயம் முடிந்திருந்தது. சௌந்தரவல்லி பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒச்சம்மாவையும் பேச்சியையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்தது ஊர். ஊர் என்றால் ஊரே. கிழவன், குமரி, கைப்பிள்ளை, எல்லாரும் ஒரே மூச்சில். அந்தக் கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்தால் பட்டாசாலை கொள்ளாது, சந்து கொள்ளாது.

பேச்சி விரல்விட்டு நாள் எண்ணினாள். அவள் மகளுக்குத் தை மாதம் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். சந்தில் அத்தனை சாவு விழுந்தால், தீட்டு கழிந்து, தெரு கழுவி, பிள்ளையார் திரை விலக எத்தனை காலம் ஆகுமோ. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே, பெண் வீட்டுத் தெருவில் அடிக்கடி வெள்ளைக்காரன் செத்துப்போகிறானாமே என்று ஜாடையாகக் கேட்டிருந்தார்கள்.

"அக்கா, உன் கால்ல விழுறேன். கல்யாணம் முடியட்டும். அத்தனை வருசம் கிடந்தவுக இன்னும் ஒரு ஒன்றரை மாசம் கிடக்க மாட்டாகளா?"

அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வினை. சௌந்தரவல்லி ஆவுடையப்பனுக்குப் போன் செய்தாள். ஒரு அத்தியாயம்தான் பாக்கி, ஆனால் மாசியில்தான் முடியும் என்றாள். அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரண்டது.

"காட்சி இப்ப வருதே மேடம்."

"அடுத்த காட்சிக்கு வைக்கலாம் சார். இதை அவசரமா எழுத முடியாது. அறுபது பேருக்கு மேல சார். குழிகூட வெட்டலை."

"சரி மேடம், கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆவுடையப்பன். சொன்னேனே, எதற்கும் இல்லை என்று சொல்லாத மனுஷன். அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள்.

கல்யாணம் நடந்தது. சந்து முழுக்க அடுப்பு எரிந்தது, பிள்ளையாருக்குத் தினம் சர்க்கரைப் பொங்கல். சௌந்தரவல்லி பந்தியில் சாம்பார் ஊற்றினாள். மறுவீடு போய்வந்த மறுநாள் பேச்சி, மஞ்சள் காயாத கையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரச்சொல்லுக்கா."

தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டவள் அவள் என்பதால் முன்னால் நின்று செய்தவளும் அவளே. சந்துக்காரர்கள் மூங்கில் வெட்டி வந்தார்கள். வேப்பமரத்து மூலை போதாது என்று கரையோரம் முழுக்கக் குழி வெட்டினார்கள், கைப்பிள்ளைகளுக்குச் சின்னதாக. தென்னங்கீற்று, குளிப்பாட்ட நீர்மாலைக் குடம், வாய்க்கரிசி, எல்லாம் வீட்டுக்கு வீடு. சௌந்தரவல்லி புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவர் பேரையும் சொல்ல, ஒச்சம்மா கண்ணை மூடி உதடு அசைய மனப்பாடம் செய்தாள்: செருப்புத் தைக்கிற ஸ்டோயன், பேசாத மரீக்கா, திருடிய கோழியோடு அகப்பட்ட பெட்கோ. பெண்பிள்ளைகளுக்குப் பிறந்தவீட்டுக் கோடி யார் போடுவது என்று பேச்சு வந்தது. அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். பிறந்த வீடும் சேர்ந்து செத்துக் கிடக்கிறது. ஆளுக்கொருத்தியைச் சந்து பிரித்துக்கொண்டது. நெவேனாவுக்கு நான் போடுவேன் என்று சௌந்தரவல்லி சொல்வதற்கு முன்னால் பேச்சி சொல்லிவிட்டாள்.

"பிள்ளைப்பேறு பாத்த மகராசி. என்னால காத்துக் கிடந்தவ. நான்தான் அவளுக்குப் பிறந்த வீடு" என்று கல்யாண ஜவுளி எடுத்த கடைக்கே போய், மகளுக்கு எடுத்ததைவிட நல்லதாக ஒரு அரக்குச் சேலை எடுத்துவந்தாள்.

அன்றைக்கு ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வருவதற்கு முன்பே பிள்ளையாருக்குத் திரை போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பழையசோற்றைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சௌந்தரவல்லி தையல் மிஷினையும் ஃபிரிட்ஜையும் நகர்த்திப் பட்டாசாலையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தாள். ரட்கா திட்டித் திட்டிக் கொடுத்த சொற்களையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்து, அதற்குத் தமிழில் என்ன என்று பார்க்காமல், அந்த ஆள் தமிழில் செத்தால் எப்படிச் செத்திருப்பார் என்று பார்த்து, கொட்டகைக் கதவு அடைபடுவதையும், இருட்டில் ஒரு கைப்பிள்ளை சிரிப்பதையும், அதன் தாயிடம் நெவேனா "பால் கொடு, கொடுத்துக்கிட்டே இரு" என்று சொல்வதையும் எழுதினாள், எழுதும்போதே இது வந்துவிட்டது, முப்பது வருஷத்துக்கு இது போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. மத்தியானம் முற்றுப்புள்ளி வைத்தாள்.

தலையை நிமிர்த்தினாள். பட்டாசாலை காய்ந்திருந்தது.

வாசலில் நின்றவர்கள் அசையவில்லை. நிறைய பேர் இல்லையா, தூரம் இல்லையா, நேரம் ஆகும் என்றார் ஒருத்தர். வெயில் சந்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்ந்தது. அவள் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினாள். புள்ளியை அழுத்தி வைத்தாள். கீற்று வாடியது. ஒரு குழந்தை பசிக்கிறது என்றது, யாரோ வாயைப் பொத்தினார்கள்.

சாயங்காலம் சந்துமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. அத்தனை தலையும் திரும்பியது. இறங்கியவர் ஆவுடையப்பன், ஒரு கையில் அல்வாப் பொட்டலம், ஒரு கையில் கயிறு கட்டிய புத்தகக் கட்டு.

"என்ன, தெருவே சேர்ந்து நிக்குது! யாரு சொன்னா உங்களுக்கு? சர்ப்ரைஸா வரலாம்னு பாத்தேன்" என்று சிரித்தார்.

புத்தகம் பளபளவென்று இருந்தது. அட்டையில் அவள் பேர், அதன் கீழே 'மூலத்திலிருந்து நேரடியாக.'

"காட்சிக்கே வந்துருச்சு மேடம். உங்களுக்கு இந்தக் கடைசி அத்தியாயம் மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னு புரிஞ்சது. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு ஜெராக்ஸை கம்ப்யூட்டர்ல போட்டேன், இட்லி வேகுற நேரத்துல தமிழ்ல வந்து நின்னுச்சு. அதுல ரெண்டு பக்கத்துக்கு வெறும் ஆள் பேரா வந்துச்சு. வாசகன் வாயில நுழையாதுன்னு அதை மட்டும் எடுத்துட்டேன்."

சௌந்தரவல்லி பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பினாள். அது குட்டையாக இருந்தது. கடைசியில், "மேற்படி நிகழ்வில் கிராமத்தினர் அனைவரும் உயிரிழப்பை எதிர்கொண்டனர்" என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் பிழை பார்த்த கண் அது, தேடியும் அகப்படவில்லை.

"என்னத்தா போட்டிருக்கு?" என்று ஒச்சம்மா கேட்டாள். படித்துக் காட்டினாள். ஒச்சம்மா அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள்.

"வந்துட்டாகத்தா" என்றாள். "ஒரு தடவைதான வர முடியும். நம்ம கல்யாண வேலை பாத்துக்கிட்டு இருந்தப்பவே இந்த எழுத்துல வந்துட்டாக. நம்ம வீட்டுக்கு வரல, அம்புட்டுதான்."

ஆவுடையப்பன் அல்வாவை நீட்டிக்கொண்டே நின்றார். சாவு வீட்டில் இனிப்பு வாங்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒச்சம்மா வெறும் பட்டாசாலைக்குள் போய், தலைமாடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்த பேர்களையெல்லாம் வரிசையாகப் பாடினாள். அவள் குரலுக்கு நகராத பிணம் கிடையாது என்பார்கள். அன்று நகர்த்த ஒன்றும் இல்லாமல் அந்தக் குரல் சந்துக்குள்ளேயே முட்டி முட்டித் திரும்பியது.

அடுத்த சிக்கல் அடுப்பு. பிணத்தை எடுத்த பிறகுதான் உலை. வராத பிணத்தை எப்படி எடுப்பது? இரண்டு நாள் சந்து பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் குழந்தைகளுக்காக ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது, அப்புறம் இன்னொரு வீட்டில், அப்புறம் பேச்சியும் தலையைக் குனிந்துகொண்டு அரிசி ஊறப்போட்டாள். ஆற்றங்கரைக் குழிகளில் ஆடிப்பெருக்கில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. அரக்குச் சேலையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்தவளுக்கு என்று எடுத்த கோடியைக் கடையில் திருப்பக் கூடாது, கட்டக் கூடாது, எடுத்தவள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. அது பட்டாசாலையில், தெற்குப் பார்த்து, மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

சௌந்தரவல்லி வீட்டில் அன்று அணைத்த அடுப்பு அணைத்ததுதான். நோட்ஸ் பிழை திருத்துகிறாள், வாசலில் தண்ணீர் தெளிக்கிறாள், எல்லோரோடும் தமிழில் பேசுகிறாள். பல்கேரிய மொழியில் எந்தப் புத்தகத்தையும் திறப்பதில்லை. சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது அக்கம்பக்கத்துக் கடமை என்பதால், முறைவைத்து ஒரு நாளைக்கு ஒரு வீடு கொண்டுபோகிறது. விடிந்ததும் முதல் ஈட்டு இட்லி பேச்சியுடையது. புதிதாகக் குடிவந்த ஒருத்தி போன வாரம் கேட்டாளாம், அந்தம்மா தனியாகத்தானே இருக்கிறார்கள், நன்றாகத்தானே நடமாடுகிறார்கள், இத்தனை காலமாக அந்த வீட்டுக்கு ஏன் சோறு கொண்டுபோகிறீர்கள் என்று.

பேச்சி தட்டைத் துணியால் மூடிக்கொண்டே சொன்னாள்:

"அங்க இன்னும் எடுக்கலம்மா."